கேட்டுக் குடியிருந்த வீடு

ஆங்கிலத்தில் 'பிரிக்கேரியஸ்லி' என்று ஒரு சொல் இருக்கிறது. மேசை விளிம்பில் ஒரு கிளாஸ் விழுவேனா மாட்டேனா என்று நின்றால், அது அப்படி நிற்கிறது என்பார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பாதையில் ஒரு பஸ் வளைவு திரும்ப முடியாமல் ஒரு டயர்ச் சில்லு வெளியே தொங்க நின்றாலும் அதே சொல்தான். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் 'ஆபத்தாக' என்று தமிழ் சொல்லும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். கிருஷ்ணம்மாவின் வழக்கில் அது வந்து விழும்வரை அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மாத்தளையில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில், போட்டோக்கொப்பிக் கடைக்கும் சோற்றுக்கடைக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே 'இத்ரூஸ், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. வெளிநாடு போகிறவர்களும் வழக்குப் பேசுகிறவர்களும்தான் என்னிடம் வருவார்கள். இரண்டு கூட்டமும் அவசரக்காரர்கள். அகராதியில் முதலாவதாகப் போட்டிருக்கும் அர்த்தத்தை எழுதி, முத்திரையைக் குத்தி, ஆளை அனுப்பிவிடுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் பகல், ளுஹர் தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், முன்பே எனக்குப் பழக்கமான கிருஷ்ணம்மா வந்து நின்றார். ஒல்லியான, குள்ளமான மனுஷி. அறுபதைத் தாண்டியவர். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. ரத்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டால் மாத்தளை வரும்வரை அவனை நிம்மதியாக விடமாட்டார். அன்றைக்கு அந்தக் குரல் இறங்கிக் கிடந்தது. கையில் ஆங்கிலத்தில் அடித்த தாள்கள். மேல்நீதிமன்றத்தில் அவருடைய மேன்முறையீட்டுக்குக் கிடைத்த தீர்ப்பு அது.

"தோத்தது தெரியும் நானா," என்றார், எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி. "லோயர் தம்பி போன்ல சொன்னாரு. ஏன் தோத்தோம்னுதான் வெளங்கல. அத வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். சுற்றிச் சுற்றி எழுதியிருந்தாலும் விஷயம் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. எதிராளி, அதாவது கிருஷ்ணம்மா, இந்தக் காணியில் இத்தனை காலமும் இருந்தது பிரிக்கேரியஸ்லி மட்டுமே. ஆகவே அவருக்கு எந்த உரித்தும் உண்டாகவில்லை. 'ஆபத்தாக இருந்தார், ஆகவே உரித்து இல்லை' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருந்தது. "நாளைக்கு வாங்க," என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த மாதிரி அர்த்தம் சொல்ல எனக்கு வராது.

அந்த அம்மாவின் கதையைச் சொல்லாமல் அந்தச் சொல்லின் கதையைச் சொல்ல முடியாது. முதலில் அவருடையதைச் சொல்கிறேன்.

கிருஷ்ணம்மா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர். அங்கே பிறந்தவர்களுக்கு எதையும் கேட்டுச் செய்வது மூச்சு விடுகிற மாதிரி. கூரைத் தகரம் ஓட்டையானால் ஆபீசில் கேட்க வேண்டும். காய்ந்த விறகு பொறுக்கக் கேட்க வேண்டும். வாசலில் நாலு கறிவேப்பிலைக் கன்று வைக்கக் கேட்க வேண்டும். செத்த வீட்டுக்குப் போகிற அன்றும் துரையிடம் கேட்டுவிட்டுத்தான் அழப் போக வேண்டும். கேட்காமல் செய்தவனின் பெயர் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் இருந்து வெட்டப்படும். கேட்காமல் எடுப்பது களவு என்று அவருடைய தகப்பனார் சொல்லிச் சொல்லி வளர்த்தார். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் மரியாதை தெரிந்த ஆள் என்பதில் அவருக்கு இருந்த பெருமையில் கால்வாசி, சொந்தமாக ஒரு மாடிவீடு வைத்திருக்கிறவனிடம்கூட நான் பார்த்ததில்லை.

அழகமுத்துவைக் கட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டு இறங்கினார். அழகமுத்து, ஊர்க்காரர் கம்மிரிஸ்வத்த என்று சொல்லும் மிளகுத் தோட்டத்தில் வாச்சர். அதன் சொந்தக்காரர் ஒரு சிங்களப் பெரியவர். எல்லாருக்கும் அவர் லொக்கு மாத்தையா, பெரிய ஐயா. கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் மாத்தளை டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். எண்பத்துமூன்று ஜூலையில் அந்த அறை எரிந்தது. அறை மட்டுமா, தெருவே எரிந்தது. உடுத்திருந்த துணியோடு இருவரும் ஓடிப்போய் மிளகுத் தோட்டத்துக்குள் விழுந்தார்கள். லொக்கு மாத்தையா அவர்களை மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினார். தேடிக்கொண்டு வந்தவர்களை கேட்டிலேயே நிறுத்தி, இங்கே யாரும் இல்லை, போங்கள் என்றார். மூட்டைக்குப் பின்னால் மிளகு நெடியில் தும்மல் வந்தபோது புருஷன் தன் வாயைப் பொத்திய பொத்தில் பல் உடைந்தது என்று கிருஷ்ணம்மா சொல்வார். அந்தப் பல் இல்லாத இடத்தைக் காட்டியும் இருக்கிறார்.

எல்லாம் அடங்கிய பிறகு அழகமுத்து கைகட்டிக்கொண்டு போய்க் கேட்டார்: "ஐயா, நாங்க இங்கயே ஒரு மூலையில இருந்துக்கட்டுமா?"

"ஹொந்தை, இன்ன," என்றார் லொக்கு மாத்தையா. சரி, இரு. அவ்வளவுதான். எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய மனிதரிடம் தேதியா கேட்பார்கள்?

தோட்டத்தின் மேல்கோடியில் மண்குடிசை போட்டார்கள். பிறகு அது கல்வீடானது. அழகமுத்து வாச்சர் வேலையை விட்டுவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனார், ஆனாலும் வீட்டை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுற்றியிருந்த கரடு நிலத்தைக் கொத்தி, கொடி ஏற மரம் நட்டு, மிளகு வைத்தார்கள். தர்ஷிகா என்ற மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அந்தக் கொடிகளில் காய்த்த மிளகு இவர்களுக்கே. யாரும் பங்கு கேட்டதில்லை, வாடகை கேட்டதில்லை. கரண்ட் இழுத்தபோதும், கக்கூஸ் குழி வெட்டியபோதும் கிருஷ்ணம்மாதான் லொக்கு மாத்தையாவின் பங்களாவுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னார். "இதெல்லாம் நம்ம எடந்தானே," என்று அழகமுத்து முணுமுணுத்தால், "கேட்டா என்னா கொறஞ்சுபோவீங்களா?" என்பார்.

சித்திரை வருடப்பிறப்பன்று குளித்து முழுகி, நல்ல துணி உடுத்தி, ஒரு கட்டு வெற்றிலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பங்களாவுக்குப் போவார்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை இது. சிங்களவர் வீட்டில் பிள்ளைகளே தகப்பனுக்கு வெற்றிலை கொடுத்து விழுந்து கும்பிடுவார்கள். கிருஷ்ணம்மா வெற்றிலையை நீட்டி, "இந்த வருசமும் இருந்துக்கிறோம் ஐயா," என்று சொல்வார். லொக்கு மாத்தையா அவர் தலையைத் தொட்டு, "ஹொந்தை ஹொந்தை, இன்ன," என்பார். பிறகு கவுங், கொக்கிஸ் பலகாரமெல்லாம் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அழகமுத்து நெஞ்சுவலியில் செத்த வருடம் வீட்டில் தீட்டு. அந்த வருடமும் மகளின் கையில் கொடுத்து வெற்றிலையை அனுப்பினார்.

லொக்கு மாத்தையா கண்ணை மூடியதும் கொழும்பில் இருந்த மகன் வந்தார். சின்ன மாத்தையா. ரிவர்ஸ்டனுக்குச் சுற்றுலா ஆட்கள் வெள்ளமாக வந்துகொண்டிருந்த காலம். வழியில் கண்ட இடமெல்லாம் கபானா என்கிற விடுதிக் குடில் முளைத்துக்கொண்டிருந்தது. மேல்கோடியிலிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரியும். அந்த இடம்தான் அவருக்கு வேண்டும். வீட்டை விட்டுப்போகச் சொல்லி வழக்குப் போட்டார்.

அதற்குள் தர்ஷிகா இரண்டு பிள்ளைகளோடு தாயிடமே திரும்பி வந்திருந்தாள். புருஷன் கட்டாருக்குப் போனவன், போனதோடு சரி. அந்த வீடு போனால் நாலு பேருக்கும் போக்கிடம் கிடையாது. மேல் தோட்டத்து லயத்தில் கிருஷ்ணம்மாவின் தம்பி இருந்தான்; அவனுடைய காம்பராவில் ஏற்கனவே கால் நீட்ட இடமில்லை.

லோயர் றினோஸ் நல்ல பையன். வழக்கை எடுத்தவுடன் அவன் உற்சாகமாகத்தான் இருந்தான். பத்து வருடத்துக்கு மேல் ஒரு காணியை ஒருவர் தடையில்லாமல் தன்னுடையதாக ஆண்டு அனுபவித்தால் அது அவருக்கே சேரும் என்பது நம் நாட்டுச் சட்டம். இவர்களோ நாற்பது வருடமாக இருக்கிறார்கள். வாடகை கொடுக்கவில்லை, மிளகில் பங்கு கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. வாடகையோ பங்கோ கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது. இது இன்னொருவருடைய காணி என்று ஒத்துக்கொள்கிற மாதிரி எந்தக் காரியமும் செய்திருக்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள் என்று றினோஸ் அந்த அம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னான்.

அவர் சாட்சி சொன்ன அன்று நானும் கோர்ட்டில் இருந்தேன். வேறொரு வழக்கில் என் மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்த வேண்டியிருந்ததால் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு லோயர் வயதான மனிதர், சத்தம் போடாதவர். வெற்றிலையைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. சிங்களத்தில் மிகவும் பணிவாகக் கேட்டார்: "சித்திரை வருடப்பிறப்புக்குப் பங்களாவுக்குப் போவீர்களா அம்மா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை கிருஷ்ணம்மா காத்திருக்கவில்லை. அவருக்கும் சிங்களம் தெரியுமே. முகம் மலர்ந்துபோனது. அன்றைக்கெல்லாம் அவரை அத்துமீறிக் குந்தியிருக்கிறவள், அடுத்தவன் காணியைப் பிடித்தவள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்ல இப்போதுதான் ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

"ஒரு வருசங்கூடத் தவறல ஐயா!" என்றார் பெரிய குரலில். "எங்க வீட்டுக்காரர் செத்த வருசம் தீட்டு. அப்பக்கூட மகள் கையில குடுத்து அனுப்பினேன். நாங்க நன்றி மறந்த ஆளுங்க இல்ல."

"வெற்றிலை கொடுக்கும்போது என்ன சொல்வீர்கள்?"

"இந்த வருசமும் இருந்துக்கிறோம் ஐயான்னு கேப்போம். அவரு இருங்கன்னு சொல்லுவாரு."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. றினோஸ் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான். எதிர்த்தரப்பு லோயர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். கூண்டிலிருந்து இறங்கிய கிருஷ்ணம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றாகச் சொன்னேன் இல்லையா என்கிற மாதிரி. உயிர் தந்தவருக்கு நன்றி சொன்னதை எடுத்து வாடகை ரசீது மாதிரி நீட்டிவிட்டார் இந்த மனுஷி. அதைச் சொல்லித் திருத்தவும் இனி வழியில்லை.

கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மேலேயும் தோற்றார். அப்படித்தான் அந்தத் தாள்களோடு என் அறைக்கு வந்தார்.

அவரை அனுப்பிவிட்டு என் தடித்த அகராதியை இறக்கினேன். அதில் போதாததைப் போனில் தேடினேன். லத்தீனில் 'ப்ரெக்ஸ்' என்றால் வேண்டுதல், மன்றாட்டு. அதிலிருந்து 'பிரிகாரியுஸ்': கேட்டுப் பெற்றது, கெஞ்சி வாங்கியது. ரோமாபுரியில் காணி இல்லாதவன் காணிக்காரனிடம் போய் எனக்குக் கொஞ்சம் இடம் தாருங்கள் என்று கேட்பான். அவரும் இரு என்பார். அதற்குச் சட்டத்தில் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்: 'பிரிகாரியும்'. வாடகை கிடையாது, தவணை கிடையாது. கொடுத்தவர் நினைத்த நேரத்தில் எழும்பு என்று சொல்லலாம். காணிக்காரனுக்கு எதிராக இவன் வாய் திறக்க முடியாது; கேட்டுத்தானே வாங்கினாய் என்பார்கள். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைப் பதினேழாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டார்கள். முதலில் அதற்கு 'இன்னொருவர் தயவில்' என்றுதான் அர்த்தம். இன்னொருவர் தயவில் இருக்கிறவனின் நிலை எப்போதும் ஆட்டம்தான் என்பதால் ஆபத்து என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் கேட்டதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கிளாஸும் பஸ்ஸும்தான் மிஞ்சின.

தொழுவதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ப்ரே'யும் இதே குடும்பம். இன்னும் தோண்டினால் இதே வேரில் வடமொழியில் 'பிரச்ன' என்று ஒரு சொல் கிடக்கிறது, கேள்வி என்ற அர்த்தத்தில். அதைத்தான் நாம் பிரச்சினை ஆக்கி வைத்திருக்கிறோம். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து வேளையும் கையேந்திக் கேட்கிறவன் நான். அல்லாஹ்விடம் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. கேட்கிறது என் வேலை, கொடுப்பது அவன் நாட்டம். அந்த அந்தஸ்தை மிளகுத் தோட்டக்காரருக்கும் சேர்த்துக் கொடுத்தது எந்தச் சட்டம்?

மறுநாள் அவர் வந்தார். இதையெல்லாம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப ரோமாபுரியிலயும் நம்மளப் போல ஆளுங்க இருந்திருக்காங்க?"

"இருந்திருக்காங்க."

"வெத்தில குடுத்தாங்களா?"

"வெத்தில அங்க ஏது? வாயால கேட்டிருப்பாங்க."

"அவங்களுக்கு என்னா ஆச்சு நானா?"

"அது புத்தகத்துல இல்ல," என்றேன். காணி கொடுத்தவர்களின் பெயர் எங்கேயாவது இருக்கும். கேட்டவர்களின் பெயரை யார் எழுதி வைக்கப்போகிறார்கள்?

பிறகு கேட்டார்: "நாங்க கேக்காம, ஒரு வெத்தில குடுக்காம, மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருந்திருந்தா வீடு எங்களுது. கேட்டு இருந்ததால எங்களுது இல்ல. அப்படித்தான?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"நீங்க என்னா சொல்றீங்க?"

"நான் மொழிபெயர்ப்பாளன். உள்ளத உள்ளபடி சொல்ற ஆள்."

அவர் எழுந்து தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "இனி யாருக்கிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டேன் நானா," என்றார். சத்தம் போடவில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் றினோஸ் ஒரு செய்தியோடு வந்தான். சின்ன மாத்தையா இறங்கி வந்திருக்கிறார். வீட்டை உடைக்கத்தான் போகிறார், ஆனால் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அந்த அம்மா நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், அங்கே இருந்துகொள்ளலாம். தகப்பனுக்கு வெற்றிலை கொண்டுவந்தவர் தன்னைக் கோர்ட்டுக் கோர்ட்டாக இழுத்தடித்துவிட்டார் என்று அவருக்கு மனத்தாங்கல். அதைக் கழுவிவிட வேண்டும், வேறொன்றும் இல்லை.

கிருஷ்ணம்மா முடியாது என்றார். றினோஸ் கெஞ்சினான். மேல் தோட்டத்துத் தம்பி வந்து சொன்னான். தர்ஷிகா இரண்டு நாள் தாயோடு பேசாமல் இருந்தாள். கடைசியில் நானும் ரத்தோட்டை பஸ் ஏறிப் போனேன். அவர் வாசலில் பாயை விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைதானே," என்றேன். "புள்ளைகள நெனச்சுப் பாருங்க."

"அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னது சட்டம். இது வயித்துப்பாடு."

"நாப்பது வருசமாக் கேட்டேன் நானா. ஒவ்வொரு வருசமும் கேட்டேன். என்னத்தக் கண்டேன்?" என்று சொல்லிவிட்டு மிளகைக் கையால் கிளறத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் சொன்ன அர்த்தத்தில் பிழை இல்லை. இன்றைக்கும் அதை அப்படியேதான் எழுதுவேன். ஆனால் ஓர் அர்த்தத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறேன் என்று நிற்கிற ஆளை என்ன செய்வது? தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டைக் காலிசெய்விக்கக் கோர்ட்டிலிருந்து பிஸ்கால் அதிகாரி வருகிற நாளைத் தர்ஷிகாதான் போனில் சொன்னாள். "மாமா, அம்மா ஒருத்தர் பேச்சும் கேக்கல. நீங்களாவது பக்கத்துல நில்லுங்க," என்றாள். போனேன்.

பிஸ்கால், இரண்டு பொலிஸ்காரர், சாமான் தூக்க நாலைந்து கூலிக்காரர். சின்ன மாத்தையாவின் ஜீப் பாதையோரம் நின்றது. அவர் கொடூரமான ஆள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெயிலில் நிற்கவேண்டாம் என்று அந்த அம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டுவரச் சொன்னார். கிருஷ்ணம்மா அதில் உட்காரவில்லை. கட்டில் வெளியே வந்தது. கேஸ் அடுப்பு வந்தது. அழகமுத்துவின் படமும் சாமிப் படங்களும் ஒரே துணியில் சுற்றி வந்தன. மிளகுப் பாயைச் சுருட்டலாமா என்று ஒரு கூலிக்காரன் கேட்டான். அவர் பதில் சொல்லாததால் அவன் அதை அப்படியே விட்டுவிட்டான்.

சின்ன மாத்தையா கிட்ட வந்தார். "என்ன அம்மே இது? கேட்டால் நான் இல்லை என்றா சொல்வேன்?" என்று சிங்களத்தில் கேட்டார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பிஸ்காலும் சும்மா நின்றார். பொலிஸ்காரரில் ஒருவர், தமிழர்தான், "ஒரு வார்த்த கேளுங்கம்மா, முடிஞ்சிரும்," என்றார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிருஷ்ணம்மா இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்து, பாதையோரம் போய் ஒரு பையின் மேல் உட்கார்ந்தார். மலையைப் பார்த்தபடி இருந்தார்.

தர்ஷிகா வாசலில் நின்றாள். தாயைப் பார்த்தாள். வெளியே கிடந்த கட்டிலையும் பிள்ளைகளின் புத்தகப் பெட்டியையும் பார்த்தாள். பிறகு சின்ன மாத்தையாவுக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்தாள். "பினட்ட, மாத்தையா," என்றாள். புண்ணியமாகப் போகும் என்று பஸ் நிலையத்தில் கையேந்துகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை. "புள்ளைங்க ரெண்டும் ஸ்கூல்ல இருக்குதுங்க. எங்க வரும்? கீழ் அறையில இருந்துக்கட்டுமா? கபானாத் துணியெல்லாம் நான் தொவச்சுத் தாறேன்." பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, மூச்சு விடாமல் கேட்டாள்.

"எழும்பு, எழும்பு," என்றார் அவர், சங்கடத்தோடு. அவருக்குக் கண் கலங்கியும் இருந்தது. "நீங்கள் இருங்கள்."

"எது வரைக்கும் மாத்தையா?"

"பலமு," என்றார். பார்ப்போம்.

அவள் பாதையோரம் தாயிடம் போனாள். நானும் பின்னால் போனேன். வேறு எங்கே நிற்பது என்று தெரியாமல்தான் போனேன். எல்லாமே கிருஷ்ணம்மாவின் காதில் விழுந்திருந்தது. மகள் முன்னால் வந்து நின்றதும் அவர் கை மேலே எழுந்தது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். தர்ஷிகாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிருஷ்ணம்மா குனிந்து, மகளின் முழங்காலில் அப்பியிருந்த செம்மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார். இரண்டு முழங்காலையும் துடைத்தார். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டிருக்கணும்," என்றார். "ஒன்ன விழ வச்சுட்டேன்."

தர்ஷிகா வாய்விட்டு அழுதாள். கிருஷ்ணம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். "அழுதது போதும் வா. புள்ளைங்க வர்றதுக்குள்ள ஒல வைக்கணும்," என்று கீழ்ப்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அந்த அறைக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஜீப் பக்கம் திரும்பிக் கேட்டவரும் அவர்தான்.